பன்னிரண்டு பிரபுக்களும் என் அம்மாவும்

இங்கிலாந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் பட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். முதலாமவர் ராஜாவின் சண்டைக்குக் குதிரைகள் அனுப்பிப் பட்டம் வாங்கியவர். மூன்றாமவர் சீட்டாட்டத்தில் ஒரு காட்டையே தோற்றவர். ஏழாமவர் மூன்று கல்யாணம் செய்து, எட்டுப் பெண்களைப் பெற்று, கடைசியில் தம்பி மகனுக்குப் பட்டத்தை விட்டுப்போனவர். இதையெல்லாம் நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ராசிபுரத்தில், தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் அப்பா சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டாமவர் அவர்தான்.

அவரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வயதாகிவிட்டதே, விட்டுத்தள்ளக்கூடாதா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். விட்டுத்தள்ளத் தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அப்பா அந்தக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. அங்கே மூத்தவனுக்குத்தான் பட்டம், நிலம், மாளிகை எல்லாம். ஜமீன்தார்களைப் போன்ற எங்கள் சேலம் ஜில்லா மிட்டாதார்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று வையுங்கள். ஆனால் இங்கே இளையவனுக்குக் கஞ்சிக்காவது ஒரு காடு ஒதுக்குவார்கள். அங்கே கடித உறையின்மேல் மரியாதையாக ஒரு வார்த்தை சேர்த்து எழுதுவார்களாம், அவ்வளவுதான். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அப்பா ஏற்காட்டுக்குக் காப்பி பயிரிட வந்தார். காப்பி கைகொடுக்கவில்லை. மலையை விட்டு இறங்கி, நெசவாளர்களுக்குச் சீமைச் சாயப்பொடி விற்கும் ஒரு கம்பெனிக்கு ஏஜெண்டாக ராசிபுரம் வந்து சேர்ந்தார். ஊரில் அவருக்குச் சாயத்துரை என்று பெயர்.

சேந்தமங்கலத்துப் பக்கம் போன இடத்தில் மலைக்காய்ச்சல் பிடித்து, ராசிபுரம் திரும்பி, சாயம் கொடுக்க வந்த வீட்டிலேயே விழுந்துவிட்டார். அது என் அம்மாவின் வீடு. ஒரு மாதம் கஞ்சியும் கொயினா மருந்தும் கொடுத்துப் பிழைக்க வைத்தது அம்மா. எழுந்து நடமாடியதும், "உங்க பொண்ணை எனக்குக் குடுங்க" என்று கேட்டாராம். நல்ல கொங்குத் தமிழில் கேட்டார் என்று சொல்லிச் சொல்லி மாமா சிரிப்பார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், அந்த வீட்டுக்குப் பெரியவர்.

எங்கள் ஜனங்களுக்குத் துரையின் நிறமோ சாப்பாடோ பெரிய தடையாக இருக்கவில்லை. தடை வேறு. மாப்பிள்ளைக்குப் பங்காளி இல்லை, குலதெய்வம் இல்லை. எந்தக் கூட்டத்து ஆண் என்று தெரியாமல் பெண் கொடுப்பது எப்படி? பெரியவர்கள் மூன்று நாள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளை இல்லாத ஒரு வயதான தம்பதி அப்பாவைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதிலும் ஒரு கணக்குப் பார்த்தார்கள். வேறு பங்காளி வகையில் சேர்த்தால் அம்மாவுக்கு அண்ணன் முறை ஆகிவிடுவார். இந்தக் கிழவர் வகை கொண்டு கொடுக்கிற முறை. ஆறடி வெள்ளைக்காரரை மஞ்சள் நீரில் குளிப்பாட்டி, கிழவர் மடியில் உட்காரவைத்து, முருகன் பெயர்களில் ஒன்றைச் சூட்டினார்கள். மறுவாரம் கல்யாணம். எங்கள் சமூகத்துக் கோயிலில் கல்யாணங்களை எழுதிவைக்கும் புத்தகத்தில், இன்னார் மகன் இன்னாருக்கு இன்னார் மகள் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள்.

இதனால் சேலத்தில் வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப்பில் அப்பாவைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் அதற்காகக் கலங்கியதாகத் தெரியவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு மாமாவோடு சந்தைக்குப் போவார். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். அவருக்கு நான் ஒரே பிள்ளை.

ஆனால் ஒரு காகிதத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் சுருட்டிவைத்த பெரிய காகிதம், அவருடைய குடும்ப வம்சாவளி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை மேஜையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு சாய டப்பாக்களை வைப்பார். நான் நாற்காலிமேல் மண்டியிட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு பிரபுவின் கீழும் அவர் யாரை மணந்தார், அந்தப் பெண் எந்த ஊரில் யாருடைய மகள் என்று எழுதியிருக்கும். அதன் கீழே பிள்ளைகள். ஆண் பிள்ளைகளிடமிருந்து கோடு கீழே இறங்கும். பெண் பிள்ளைகளின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், அவர்களோடு கோடு நின்றுவிடும். ஏழாமவருடைய எட்டுப் பெண்களும் எட்டு மொட்டைக் கோடுகளாக நின்றார்கள்.

"பொண்ணுக்குப் பட்டம் வராதாப்பா?"

"வராது அம்மிணி. ஆம்பளை இல்லாமப் போனா பட்டம் செத்துப்போயிரும்."

பட்டம் சாவதாவது என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்களுக்குப் பட்டம் வருவதே அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற கதைதான். பட்டம் எனக்கு வரவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் ஆசைப்பட்டது அம்மாவுக்கு ஒரு வரி. பதினோரு பிரபுக்களின் மனைவிமார்களுக்கும் வரி இருந்தது. அப்பாவின் பெயருக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது. எனக்குப் பத்து வயதானபோது பிடிவாதம் பிடித்து அழுதேன். அப்பா சிரித்துக்கொண்டே பென்சிலைக் கொடுத்தார். ராசிபுரத்து நெசவாளர் இன்னாரின் மகள் இன்னாரை மணந்தார் என்று இங்கிலீஷில் எழுதி, கீழே சின்ன எழுத்தில் என் பெயரையும் எழுதினேன். மை தொட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். பென்சில் போதும், மை அப்புறம் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தில் தன் பெயர் ஏறியிருக்கிறது என்பது தெரியும். தெருவில் யாராவது, தொரை ஒருநாள் கப்பலேறிப் போயிட்டா என்ன செய்வே என்று சீண்டினால், "எம்பட பேரு அவுங்க வம்சத்துல ஏறியாச்சு, போறவரு எங்க போவாரு?" என்பாள்.

நான் சேலம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்த வருடம், யுத்தம் தொடங்க நான்கு வருடம் இருக்கும்போது, இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. அப்பாவின் அண்ணனுக்கு ஒரே மகன். அவன் குதிரையிலிருந்து விழுந்து இறந்திருந்தான். அந்த ஏக்கத்தில் ஆறே மாதத்தில் அண்ணனும் போய்விட்டார். அந்த வம்சத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் ராசிபுரத்தில் சாயப்பொடி விற்றுக்கொண்டிருந்தார்.

அண்ணன் சாவுக்கு அப்பா அழுதார். ஊர் அழவில்லை. மாப்பிள்ளைக்குப் பட்டாபிஷேகம் என்று மாமா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சுவீகாரம் எடுத்த கிழவர் அதற்குள் இறந்திருந்தார். அவருடைய பங்காளிகள் கூடி, எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் வந்திருக்கிறது என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். அப்பாவைக் கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டார்கள். அவரும் கைகூப்பி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் குடும்பத்து வக்கீலிடமிருந்து ஒரு கட்டு காகிதம் வந்தது. பட்டத்தை உரிமை கோர வேண்டுமானால் வம்சாவளியைப் புதிதாக எழுதி, அவருடைய விவரங்களைச் சேர்த்து, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பிரபுக்களின் குடும்பங்களை அச்சிடும் புத்தகத்துக்கும் அதுவே போகும் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கு அப்போது கண் மங்கல். வீட்டில் நல்ல இங்கிலீஷ் கையெழுத்து என்னுடையது.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. பதினோராமவர் வரை முடித்து, மையை ஒற்றி, அம்மாவின் வரிக்காகப் பேனா முள்ளைக் கழுவித் துடைத்துவைத்தேன். அப்போது மாமா கோயில் கல்யாணப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அத்தாட்சி கேட்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதக் கொண்டுபோய்க் காட்டுங்க. நாப்பது பேரு கைநாட்டு வெச்சிருக்குது. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

அப்பா புத்தகத்தை வாங்கி, பக்கத்தைத் தேடிப் பிடித்து, மூக்கருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மாமா வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு பக்கத்தை என் பக்கம் திருப்பி, மாப்பிள்ளை பெயர்மேல் விரலை வைத்தார். கிழவரின் பெயர், அவருடைய மகன் என்று முருகன் பெயர்.

"இது நான் இல்லையே, அம்மிணி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் இங்கிலீஷுக்கு மாறினார். என்னோடு அவர் இங்கிலீஷில் பேசுவது பாடம் சொல்லும்போது மட்டும்தான். இந்தப் புத்தகப்படி உன் அம்மாவை மணந்தவன் ஒரு நெசவாளர் மகன். கல்யாணம் ஆனவர் என்று நான் எழுதினால் அத்தாட்சி கேட்பார்கள். இதைக் காட்டினால் சிரிப்பார்கள். விசாரணை வரும், பத்திரிகையில் வரும். இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நான் போய் எல்லாவற்றையும் சரிப்படுத்திவிட்டு உங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். எல்லாம் காகிதத்துக்காகத்தான்.

வெறுமையாக விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். விட முடியாது, வக்கீல் அனுப்பிய பாரத்தில் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும் என்றார். கல்யாணம் ஆகாதவர் என்று எழுதச் சொன்னார். வம்சாவளிகளில் அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சுருக்கி எழுதுவது வழக்கம். மூன்று எழுத்து, ஒரு புள்ளி.

இதைச் சொல்லிக்கொண்டே பழைய காகிதத்தை இழுத்து, என் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். வக்கீல் பழையதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார் என்றார். அழித்துவிட்டுத் தூளைக் கையால் தட்டிவிட்டார். சட்டையில் ஒட்டியதையும் தட்டிவிட்டார்.

எங்கள் ஜனங்கள் அவரைத் தங்களில் ஒருவராக்க வேண்டும் என்று பாடுபட்டு ஒரு அப்பனையும் பெயரையும் தேடிக் கொடுத்தார்கள். எவனோ ஒருவன் என்று பெண்ணைக் கொடுக்காமல், முறை பார்த்துக் கொடுத்தார்கள். அந்த முறையையே தூக்கி எங்கள் முகத்தில் அடித்தார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, எனக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்கவில்லை.

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். எனக்குப் பதினேழு வயது, அவர் அப்பா, கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார். எழுதினேன். மூன்று எழுத்தும் புள்ளியும் வைத்தேன். பதினோரு தலைமுறையில் எந்த வரியும் அவ்வளவு அழகாக விழவில்லை.

மை காய்வதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக அவள் அந்த மேஜைப் பக்கம் வராமல் பொறுத்திருந்தாள். காகிதத்தின்மேல் நிழல் விழாமல் ஒதுங்கி நின்று கேட்டாள்.

"எம்பட பேரு எங்க கண்ணு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் அவர் வாயைத் திறந்து எதையாவது சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன். பொய் சொல்லியிருந்தால்கூட. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அந்த மூன்று எழுத்தைக் காட்டினேன்.

"இத்தினியூண்டா?"

"சுருக்கித்தாம்மா எழுதுவாங்க. பெரிய ஊட்டுல அப்படித்தான்."

அம்மா விரலைச் சேலையில் இன்னொரு தரம் துடைத்து, மை ஒட்டாதபடி அந்த எழுத்துகளின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "சாப்புட வாங்க, ஆறிப்போவுது" என்று உள்ளே போய்விட்டாள். அவள் போனதும் அப்பா என் தலையில் கை வைத்து, "நல்ல புள்ள" என்றார். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். வாழ்க்கையில் அவரை எதிர்த்து நான் செய்தது அது ஒன்றுதான்.

சேலம் ஜங்ஷனுக்குத் தெருவே வழியனுப்பப் போனது. அம்மா ஒரு டின் நெய்யும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னார். முதல் வருடம் நான்கு கடிதம் வந்தது. ஒரே ஒரு தரம் என் படிப்புக்கு என்று கொஞ்சம் பணமும் வந்தது. பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம், அதிலும் மழை, தோட்டம், முட்டிவலி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். யுத்தம் தொடங்கியதும் அதுவும் நின்றது. கப்பல் ஓடவில்லை, கடிதம் எப்படி வரும் என்று அம்மாவே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்தேன். வரன்கள் வந்தன. பெண்ணின் அப்பா எங்கே என்ற கேள்வியோடு திரும்பிப் போயின. மாமா மட்டும் சளைக்கவில்லை. மாப்பிள்ளை வந்ததும் ஜாம்ஜாமென்று செய்யலாம் என்பார்.

யுத்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போது சேலத்தில் பரீட்சைத் தாள் வாங்கப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாசகசாலையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், உள்பக்கத்தின் கீழ்மூலையில், அந்தக் குடும்பத்தின் பெயர் கண்ணில் பட்டது. பன்னிரண்டாவது பிரபு காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாரிசு இல்லாததால் பட்டம் அவரோடு முடிகிறது.

அவருடைய வாரிசான நான் ராசிபுரத்து நூல்சேலை கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டிருப்பார் என்று அத்தனை வருடமும் நினைத்து வெந்திருந்தேன். அப்படிச் செய்திருந்தாலாவது ஒரு மனுஷியிடம் தோற்றோம் என்று இருந்திருக்கும். கடைசிவரை தனியாகத்தான் இருந்திருக்கிறார். மூன்று எழுத்துக்காக எங்களை விட்டிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த அந்த வரியைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். சொன்னால் தெருப்பெண்கள் வருவார்கள். வளையலை உடைப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள், வெள்ளைச் சேலை கொடுப்பார்கள். கல்யாணமே ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்காக என் அம்மா தாலியறுக்க வேண்டுமா? அறுப்பதற்கு அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். பஸ் தாமதம் என்றேன்.

அன்றிலிருந்து நான் அவரை உயிரோடு வைத்திருந்தேன். யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் அம்மா கடிதத்துக்குக் காத்திருந்தாள். நானே எழுதினேன். பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது என்று சொல்லி, சாயங்காலம் பிரித்து, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்வதுபோலப் படித்துக் காட்டுவேன். மழை, தோட்டம், முட்டிவலி எல்லாம் அவருடையவை. உன் கையால் சாப்பிட்டது நாக்கிலேயே நிற்கிறது என்பது என்னுடையது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பார். நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏமாற்றுவதை நான் நல்ல இடத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்த மறுவருடம் அம்மா மூன்று நாள் ஜுரத்தில் போய்விட்டாள். தெருப்பெண்கள் கூடி, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போகிறாள், கொடுத்துவைத்த மகராசி என்றார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்களை வரிசையாக அழைத்துவந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள். நான் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு, மாப்பிள்ளைக்குத் தந்தி குடுக்கோணுமில்ல? உனக்குத்தான் அந்த வெலாசமெல்லாம் தெரியும். போயிட்டு வா சாமி, நீ வாரதுக்குள்ள எடுக்க மாட்டோம்."

தபாலாபீஸ் வரை நடந்தேன். உள்ளே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மாமா வாசலிலேயே நின்றார்.

"குடுத்தாச்சுங்க மாமா."

"பாவம்," என்றார் மாமா. "ஒத்தையில இருந்து எப்படி அழுவாரோ."